நியூட்ரினோவின் ஊர் எது?

போன மாதம் நம் சனிக்கிழமை வகுப்பில் நான் ஒரு தவறு செய்தேன். "விண்வெளி நியூட்ரினோ எங்கேருந்து வருதுன்னு 2017-லேயே கண்டுபிடிச்சாச்சு" என்று பெருமையாகச் சொல்லிட்டேன். படிவம் 5 படிக்கும் தங்கை ஒருத்தி கை தூக்கினாள். "அண்ணே, அது தற்செயலா இருந்தா?" என்னிடம் பதில் இல்லை, சிரிச்சுச் சமாளிச்சேன். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படித்த பிறகுதான், அவள் கேட்டதே சரியான கேள்வி என்று புரிந்தது.

முதலில், ஏன் இந்தத் தேடல்? 1912-இல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறினார். உயரம் கூடக் கூடக் கதிர்வீச்சும் கூடுவதைக் கண்டார். அதுதான் காஸ்மிக் கதிர், பெரும்பாலும் புரோட்டான்கள். புரோட்டானுக்கு மின்னூட்டம் உண்டு, அதனால் வழியிலுள்ள காந்தப்புலங்கள் அதை வளைத்துவிடும். வந்து சேரும் திசையை வைத்துப் புறப்பட்ட இடத்தைச் சொல்ல முடியாது. நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் இல்லை, நேராக வரும். வேகமான புரோட்டான் வாயுவிலோ ஒளியிலோ மோதும் இடத்தில் அது பிறக்கிறது. அதன் ஊர் தெரிந்தால் காஸ்மிக் கதிரின் ஊரும் தெரியும்.

ஆனால் அது எதிலும் மோதாமல் போய்விடும். அதனால்தான் தென் துருவத்தில் ஐஸ்கியூப் என்று ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டியையே கருவியாக்கினார்கள். சுடுநீரால் 86 துளைகள் போட்டு, 1,450 முதல் 2,450 மீட்டர் ஆழம் வரை 5,160 ஒளி உணரிகளை இறக்கினார்கள். 2010 டிசம்பரில் வேலை முடிந்தது. பொறியியல் மாணவன் என்பதால் எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். தண்ணி மறுபடி உறையறதுக்குள்ள கம்பியை இறக்கணும். உறைந்த பிறகு ஒன்றைக்கூட வெளியே எடுத்துப் பழுது பார்க்க முடியாது!

அபூர்வமாக ஒரு நியூட்ரினோ பனியில் மோதினால் மியூவான் என்ற துகள் பிறக்கலாம். பனிக்குள் ஒளி போகும் வேகத்தைவிட அது வேகமாக ஓடும்போது நீல ஒளி வீசும். எந்த உணரி எப்போது ஒளியைப் பார்த்தது என்று கணக்குப் போட்டால் திசை கிடைக்கும்.

இங்கேதான் தங்கையின் கேள்வி வருகிறது. காஸ்மிக் கதிர் நம் காற்று மண்டலத்தில் மோதும்போதும் நியூட்ரினோ பிறக்கிறது. 1965-இல், தமிழர்கள் நிறையப் பேர் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் அந்த வகை நியூட்ரினோவைப் பிடித்தார்கள். அன்று அது பெரிய கண்டுபிடிப்பு. இன்று ஐஸ்கியூபுக்கு அதுவே இரைச்சல், வருஷத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் வரும். 2013-இல் 28 நிகழ்வுகளை வைத்துத்தான் விண்வெளியிலிருந்தும் வருகிறது என்பதற்கு ஆதாரம் காட்டினார்கள்.

2017 செப்டம்பர் 22 அன்று மிக அதிக ஆற்றலுள்ள ஒரு நியூட்ரினோ வந்தது. அதே திசையில், திருவாதிரை நட்சத்திரம் இருக்கும் ஓரியன் கூட்டத்தில், டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற விண்மீன் மண்டலம் அப்போது காமா கதிரில் பிரகாசித்துக் கொண்டிருந்தது. நான் வகுப்பில் அளந்தது இதைத்தான். ஆனால் தைப்பூசத்தன்று பத்துமலையில் மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தரைப் பார்த்தவுடன் "நான் தேடினவர் இவர்தான்" என்று சொல்ல முடியுமா? இது தற்செயலாக நடக்க வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று அளவுதான் என்று கணக்கிட்டார்கள். நமக்கு அது பெரிய உறுதி மாதிரி தெரியும். இயற்பியலாளர்கள் "கண்டுபிடிப்பு" என்று சொல்ல, சுமார் 35 லட்சத்தில் ஒன்று வேண்டும். பழைய பதிவுகளைப் புரட்டியபோது 2014-15-லும் அதே திசையிலிருந்து சுமார் 13 நியூட்ரினோ கூடுதலாக வந்திருந்தது. ஆனால் அப்போது காமா கதிர் அடங்கியே இருந்தது. ஏன்? இன்னும் விவாதம்தான்.

2022-இல் வந்த முடிவு இதைவிட வலுவானது. 4 கோடியே 70 லட்சம் ஒளியாண்டு தூரத்திலுள்ள என்ஜிசி 1068 திசையில் சுமார் 79 நியூட்ரினோ கூடுதல், தற்செயல் வாய்ப்பு ஏறத்தாழ லட்சத்தில் ஒன்று. அங்கே நடுவிலுள்ள கருந்துளையைத் தடித்த தூசும் வாயுவும் மூடியிருக்கின்றன. காமா கதிர் வெளியே வரத் திணறுகிறது, நியூட்ரினோ மட்டும் தப்பி வருகிறது.

இந்த இரண்டையும் சேர்த்தாலும் மொத்த நியூட்ரினோவில் சிறு பங்குதான். வர்ற சனிக்கிழமை அந்தத் தங்கையிடம் "கண்டுபிடிச்சாச்சு"ன்னு சொன்னதைத் திருத்தணும். "அப்போ மீதி எங்கேருந்து, அண்ணே?"ன்னுதான் கேட்பாள். அதுக்கு ஐஸ்கியூப்காரர்களிடமே இன்னும் முழுப் பதில் இல்லை.