கடலை ஏன் வேகவில்லை?

எங்கள் குசினிச் சுவரில், அடுப்புக்கு நேர் மேலே, உள்ளங்கை அளவில் மஞ்சள் கறை ஒன்று இருக்கிறது. இரண்டு தடவை பெயின்ற் அடித்தும் அது மறையவில்லை. பிரஷர் குக்கரில் நான் முதன்முதலாகப் பருப்பு அவித்த நாளின் அடையாளம் அது.

அது 2022ஆம் ஆண்டு. நான் ஒன்பதாம் தரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. நிந்தவூரில் பல வீடுகளைப் போல நாங்களும் வளவில் மூன்று கல் வைத்து, தென்னம்மட்டையும் சிரட்டையும் எரித்துச் சமைத்தோம். சோறும் மீனும் அப்படி ஆக்கிவிடலாம். கடலையும் கௌபியும்தான் பெரும்பாடு. இறைச்சி வாங்க முடியாத நாட்களில் அவைதான் எங்களுக்குக் கறி. ஆனால் ஒரு சட்டி கடலை வேக ஒன்றரை மணித்தியாலம் புகைக்குள் குந்தியிருக்க வேண்டும். உம்மாவுக்கோ புகை பட்டால் இளைப்பு வரும்.

ஒருநாள் இரண்டு கிழமையாகத் தேடிய சிலிண்டர் ஒன்று கிடைத்தது. அதை எத்தனை நாளைக்கு இழுப்பது என்று யோசித்த வாப்பா, உம்மாவின் கலியாணத்துக்கு யாரோ கொடுத்து, பெட்டி பிரிக்காமலே அலுமாரிக்கு மேல் கிடந்த குக்கரை இறக்கினார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் நாடெங்கும் எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்துகொண்டிருந்தன. உம்மம்மா குக்கரைப் பார்த்ததும், "இந்தக் குண்ட அடுப்புல வெக்காத மகள்" என்றார். நான் கேட்கவில்லை. மைசூர்ப் பருப்பைக் கழுவி, முக்கால் குக்கருக்குத் தண்ணீர் விட்டு மூடிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் விசில் வருவதற்குப் பதிலாகப் பாதுகாப்பு வால்வு திறந்து, பருப்பு சுவரில் அடித்தது. உம்மம்மா விறாந்தைக்கு ஓடிவிட்டார்.

குக்கர் வெடிக்கவில்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, பிழை என்னுடையது. பருப்பு கொதிக்கும்போது நுரை பொங்கும். அந்த நுரையும் அதனோடு வரும் தோலும் ஆவி வெளியேறும் சிறு துவாரத்தை அடைத்துவிடும். ஆகவே பருப்பு, பயறு வகைகள் எதுவானாலும் தண்ணீரோடு சேர்த்து அரைக் குக்கருக்கு மேல் போகக்கூடாது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நுரை குறையும். மூடுவதற்கு முன் துவாரத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து, மறுபக்கம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். உண்மையில் மைசூர்ப் பருப்புக்குக் குக்கரே தேவையில்லை. திறந்த சட்டியில் கால் மணித்தியாலத்தில் கரைந்துவிடும். குக்கர் தேவைப்படுவது கடலை, கௌபி போன்ற முழு வித்துகளுக்குத்தான்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கத் தொடங்கிய பிறகே அன்று அந்தப் பானைக்குள் என்ன நடந்தது என்று எனக்கு விளங்கியது. ஒரு திரவத்தின் நிரம்பிய ஆவியமுக்கம் வெளியமுக்கத்துக்குச் சமமாகும் வெப்பநிலையில் அது கொதிக்கிறது என்று படிக்கிறோம். நமது கடற்கரையில் நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் குறைவு. அங்கே ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் நுவரெலியாவில் கடலை வேக இன்னும் அதிக நேரம் எடுக்கும். குக்கர் இதற்கு நேர்மாறானது. ஆவியை அடைத்து அமுக்கத்தைக் கூட்டுவதால் நீர் கொதிக்காமலே 120 பாகை வரை சூடாகிறது. வெப்பநிலை 10 பாகை கூடினால் தாக்கத்தின் வேகம் பருமட்டாக இரு மடங்காகும் என்று இரசாயனவியலில் சொல்வார்கள். 20 பாகை கூடினால் நான்கு மடங்கு. ஒன்றரை மணித்தியாலம் இருபது நிமிடத்துக்குக் கிட்டப் போவது இதனால்தான்.

விசில் என்று நாம் சொல்லும் அந்தப் பாரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அது குந்தியிருக்கும் துவாரத்தின் விட்டம் 3 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு ஏறத்தாழ 7 சதுர மில்லிமீற்றர். அதன்மேல் ஏறத்தாழ 70 கிராம் பாரம் இருந்தால், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோ என்ற அமுக்கம் வரும்வரை ஆவியால் அதைத் தூக்க முடியாது. வெளியே ஏற்கெனவே இருக்கும் வளியமுக்கத்தையும் கூட்டினால் உள்ளே மொத்தம் ஏறத்தாழ 200 கிலோபஸ்கால். அந்த அமுக்கத்தில் நீரின் கொதிநிலைதான் 120 பாகை. 1679இல் இலண்டனில் டெனிஸ் பப்பின் என்ற பிரெஞ்சு அறிஞர், இறுக மூடிய பாத்திரத்தில் மாட்டெலும்பையும் மென்மையாக்கிக் காட்டினார். அமுக்கம் அளவு மீறாமல் இருக்கப் பாரம் தொங்கவிட்ட வால்வு ஒன்றையும் அவர் தன் பாத்திரத்தில் பொருத்தினார். உம்மம்மாவுக்கு இருந்த பயம் அவருக்கும் இருந்திருக்க வேண்டும்.

இதிலிருந்து சமையலுக்கு உதவும் ஒரு முடிவு வருகிறது. பாரம் ஒருமுறை எழும்பி ஆவி வெளியேறிவிட்டால், அதற்கு மேல் நெருப்பை எவ்வளவு கூட்டினாலும் உள்ளே வெப்பநிலை கூடாது. கூடுதல் நெருப்பெல்லாம் ஆவியாக வெளியே போகிறது. நம் வீடுகளில் "கடலைக்கு எட்டு விசில், கௌபிக்கு நாலு விசில்" என்று எண்ணுகிறோம். பெரிய நெருப்பில் எட்டு விசில் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும், சிறிய நெருப்பில் இருபது நிமிடம் எடுக்கும். ஒரே எட்டு விசிலில் ஒருநாள் கடலை கல்லாகவும் மறுநாள் களியாகவும் இருப்பது இதனால்தான். எண்ண வேண்டியது நிமிடத்தை. முதல் விசில் வந்ததும் நெருப்பை நன்றாகக் குறைத்து, மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். எங்கள் அடுப்பில், ஊறிய கடலைக்கு 15 நிமிடம், ஊறிய கௌபிக்கு 6 நிமிடம், ஊறாத முழுப் பயறுக்கு 7 நிமிடம். பிறகு அடுப்பை நிறுத்திவிட்டு, அமுக்கம் தானாக இறங்கும்வரை பத்து நிமிடம் தொடாமல் விட வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும், சிலிண்டரில் ஒரு துளியும் குறையாமல். அவசரப்பட்டுப் பாரத்தைத் தூக்கினால் உள்ளேயிருக்கும் நீர் திடீரெனக் கொந்தளித்து, கௌபியின் தோல் கழன்று தனியாகப் போய்விடும், கையும் சுடும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் ஒருநாள் கடலை வேகவில்லை. உம்மா குக்கரைக் குறை சொன்னார். நான் கடையைக் குறை சொன்னேன். வாப்பா எதுவும் சொல்லாமல் மென்றுகொண்டிருந்தார்.

காரணம் தேடி, ஒரே பக்கற்றிலிருந்து 100 கிராம் வீதம் மூன்று கோப்பைகளில் கடலை எடுத்தேன். முதலாவதை வெறும் கிணற்று நீரிலும், இரண்டாவதை ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்த கிணற்று நீரிலும், மூன்றாவதை மீண்டும் வெறும் கிணற்று நீரிலும் எட்டு மணித்தியாலம் ஊறவைத்தேன். அவிக்கும்போது மூன்றாவதற்கு மட்டும் புளிக் கரைசல் சேர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம். உப்பு நீரில் ஊறியது இரண்டு விரலுக்கு நடுவில் வெண்ணெய் போல நசிந்தது. வெறும் நீரில் ஊறியது வெந்திருந்தாலும் நடுவில் சற்று மாவாக இருந்தது. புளி விட்டதைப் பல்லால்தான் உடைக்க வேண்டியிருந்தது. முதல்நாள் நான் செய்த பிழையும் இதுதான்: வேலை மிச்சம் என்று புளியையும் தக்காளியையும் கடலையோடு சேர்த்தே குக்கரில் போட்டிருந்தேன்.

உயிரியலில் தாவரக் கலச்சுவர் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. கடலையின் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பதார்த்தம். கல்சியம், மக்னீசியம் அயன்கள் அந்தப் பெக்டின் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போட்டு இறுக்குகின்றன. வித்து வேகிறது என்றால் இந்தப் பசை கரைகிறது என்று பொருள். உப்பிலுள்ள சோடியம் அயன்கள் கல்சியத்தின் இடத்தைப் பிடித்து இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. புளியின் அமிலம் பெக்டினைக் கரையவிடாமல் காக்கிறது. கல்சியம் கூடிய வன்னீரில் ஊறப்போட்டால் இறுக்கம் இன்னும் கூடும். உங்கள் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு பிடித்தால் உங்கள் கிணற்று நீர் அப்படிப்பட்டதுதான். "உப்புப் போட்டால் கடலை வேகாது" என்று உம்மம்மா காலத்திலிருந்து சொல்லிவந்தது இந்த விடயத்தில் மட்டும் தலைகீழ். புளியைப் பற்றி அவர்கள் சொன்னது முழுக்கச் சரி.

அப்பச் சோடா போட்டால் இன்னும் வேகமாக அவியுமே என்று நீங்கள் கேட்கலாம். அவியும்தான். காரச் சூழலில் பெக்டின் இலகுவாகக் கரையும். ஆனால் தயமின் என்ற விற்றமின் பீ1 அதில் அழிந்துபோகும். கூடினால் சவர்க்காரச் சுவையும் வரும். உப்பு இருக்கும்போது சோடா எதற்கு என்பது என் கருத்து.

இன்னொரு காரணம் வயது. வெக்கையும் ஈரமும் கூடிய நமது பக்கத்தில் மாதக்கணக்காகக் கிடந்த கடலை, எவ்வளவு அவித்தாலும் இறுக்கமாகவே இருக்கும். விலை கூடும் என்று பயந்து ஐந்து கிலோ வாங்கி வைப்பதில் இலாபமில்லை. ஊறிய பிறகும் சிறுத்து, சுருக்கமில்லாமல் பளபளவென்று கிடக்கும் வித்துகள் நீரையே உறிஞ்சாதவை. அவற்றைப் பொறுக்கி எறிந்துவிடலாம். ஊறவைத்த நீரையும் ஊற்றிவிட வேண்டும். வயிறு ஊதச் செய்யும் ரபினோஸ் போன்ற வெல்லங்களில் ஒரு பகுதி அதோடு போய்விடும். வகுப்பில் இதை வாசித்தபோது பின்வாங்கிலிருந்து ஒரே சிரிப்பு.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் சிலர் சிவப்பு ராஜ்மா அவரை கொண்டுவருவார்கள். அதில் மட்டும் விளையாடக்கூடாது. அதிலுள்ள ஒரு புரதம் சரியாக வேகாவிட்டால் கடுமையான வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும். 80 பாகையில் மெல்ல மெல்லச் சூடாக்கினால் நஞ்சு குறையாது, கூடவும் கூடும். ஊறவைத்து, நீரை ஊற்றி, புது நீரில் நன்றாகக் கொதிக்க வைத்தால் அது அழிந்துவிடும். குக்கரின் 120 பாகை இதற்குச் சரியான பாதுகாப்பு.

இனிக் கறிக்கு வருவோம். குக்கர் வித்தை மென்மையாக்கும். ருசி வெளியேதான் உண்டாகிறது. ஏலம், கறுவா, கறிவேப்பிலை ஆகியவற்றின் வாசனை எண்ணெய்கள் ஆவியோடு கலந்து விசில் வழியே பறந்துவிடும். பக்கத்து வீட்டுக்கு மணக்கும், நமது கறியில் இருக்காது. தேங்காய்ப்பாலும் அந்தச் சூட்டில் திரைந்துவிடும். ஆகவே 250 கிராம் கௌபியை ஊறவைத்து, வித்துக்கு மேல் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, மஞ்சள், உப்பு, நாலு பல்லு உள்ளி மட்டும் சேர்த்து அவிப்போம். வேறு சட்டியில் தேங்காய் எண்ணெயில் கடுகு, வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, ரம்பை தாளித்து, மிளகாய்த்தூளும் சீரகமும் வாசம் வரும்வரை வதக்கி, கௌபியை அவித்த நீரோடு சேர்க்க வேண்டும். அந்த நீரில்தான் சாரம் இருக்கிறது. அகப்பையால் ஒரு பிடி கௌபியைச் சட்டியின் ஓரத்தில் நசித்துவிட்டால் குழம்பு தானாகத் தடிக்கும். இரண்டாம் பால் விட்டுக் கொதித்ததும் முதற்பால் விட்டு இறக்கிவிடலாம். கடலைக்கு மாசித்தூள் தூவினால் இன்னும் நல்லது. ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகு மிஞ்சும் எலும்பை முதலில் அரை மணித்தியாலம் குக்கரில் வைத்து, அந்தச் சாற்றில் கடலையை அவித்துப் பாருங்கள். பப்பின் கண்டதும் அந்தச் சாற்றைத்தானே.

காய்ந்த 100 கிராம் கௌபியில் ஏறத்தாழ 23 கிராம் புரதமும் 8 மில்லிகிராம் இரும்பும் இருக்கின்றன. சோற்றில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் கௌபியில் தாராளம். அதனால் சோறும் கௌபியும் சேர்ந்தால் நல்ல புரதம். நமது வயதுப் பெண் பிள்ளைகள் பலர் காலைக் கூட்டத்தில் தலை சுற்றிக் குந்திவிடுவதைப் பார்க்கிறோம். நானும் பத்தாம் தரத்தில் ஒருமுறை குந்தியவள்தான். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவு என்று தெரிந்தது. நாளாந்தம் கௌபி தின்னும் வீட்டில் இது எப்படி என்று உம்மா தாதியிடமே கேட்டார். தாதி திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டவுடன் தேத்தண்ணி குடிப்பீங்களா?" என்பதுதான்.

தேயிலையின் தனின், தாவர உணவிலிருக்கும் இரும்பைப் பிடித்துவைத்து உடல் உறிஞ்சவிடாமல் செய்கிறது. விற்றமின் சீ அதற்கு எதிர்மாறாக, உறிஞ்ச உதவுகிறது. ஆனால் விற்றமின் சீ சூட்டில் அழியும். எனவே தேசிக்காயைக் கறி இறக்கி, கோப்பையில் போட்ட பிறகுதான் பிழிய வேண்டும். தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் கழித்து. எங்கள் வீட்டில் குக்கரைப் பழக்கியதை விட இதைப் பழக்கியதுதான் கடினமாக இருந்தது. வாப்பா இன்னும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். உம்மம்மா விசில் கேட்டால் இப்போதும் விறாந்தைக்குப் போய்விடுவார். அமுக்கம் இறங்கியதா என்று அங்கிருந்தே கேட்டு, பத்து நிமிடம் கழித்துக் கோப்பையோடு வருவார்.