கூடைப்பந்தாட்ட வீராங்கனை அனிதா பால்துரை

அரசர் வரலாறும் புலவர் வரலாறும் கற்கும் நாம், ஆடுகளத்தில் வாழ்ந்தார் வரலாற்றைக் கற்பது அரிது. ஆட்டம் என்பது பொழுதுபோக்கு. அதனை நம்பி ஒருவர் வாழ்தல் இயலாது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பதே அதற்குக் காரணம். அவ்வெண்ணம் எவ்வளவிற்கு உண்மை என்று ஆராய்தற்கு ஏற்றதொரு வரலாறு, சென்னையிற் பிறந்த அனிதா பால்துரை அம்மையாருடையது. அதனை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

முதற்கண் ஆட்டத்தின் தோற்றத்தை அறிதல் வேண்டும். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தாரின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நைஸ்மித் என்பார் இவ்வாட்டத்தை வகுத்தார். பனி மிகுந்த மாதங்களில் மாணாக்கர் கூரையின்கீழ் ஆடத்தக்க ஆட்டம் ஒன்று வேண்டியிருந்தது. அவர் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அறைவித்து, 13 விதிகளை எழுதித் தந்தார். கூடை பின்னர் இரும்பு வளையமாயிற்று. பத்தடி உயரம் மட்டும் இன்றுவரை மாறவில்லை.

பெண்மக்கள் இவ்வாட்டத்தைக் கைக்கொள்ள நெடுநாள் ஆகவில்லை. லித்துவேனியாவில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை, அடுத்த ஆண்டிலேயே ஸ்மித் கல்லூரி மாணவியர்க்கு ஏற்ப விதிகளைத் திருத்தி ஆடுவித்தார். 1893 மார்ச்சில் அக்கல்லூரியில் நிகழ்ந்த பந்தயத்தைக் காண ஆடவர்க்கு அனுமதி இல்லை. அக்காலத்துப் பெண் ஒருத்தி ஓடியாடுதல் எத்துணைப் பெரிய செயலாகக் கருதப்பட்டது என்பதற்கு இது சான்று.

நம் நாட்டிலும் வாலிபர் சங்கத்தாரே இவ்வாட்டத்தைப் பரப்பினர். ஹாரி குரோ பக் என்பார் 1920-இல் சென்னையில் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரி நந்தனத்தில் இன்றும் நடைபெறுகின்றது. அங்குப் பயின்ற ஆசிரியர் வழியாகப் பல பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் கூடைப்பந்து சென்றது. அங்ஙனம் இவ்வாட்டம் வேர்கொண்ட சென்னையில் 1985-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் அனிதா பிறந்தார்.

பள்ளிப்பருவத்திலேயே பந்தைக் கையிலெடுத்த அவர், 2001-ஆம் ஆண்டிலேயே ஆசியப் போட்டிக்குச் சென்ற இந்திய மகளிர் அணியில் இடம்பெற்றார். தம் 19-ஆம் வயதில் அவ்வணிக்குத் தலைவியானார். நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போரின் வயது அது என்பதை எண்ணிப் பார்க்க. 2006-இல் மெல்போர்ன் நகரில் நிகழ்ந்த பொதுநலநாட்டுப் போட்டியிலும், 2010-இல் குவாங்சோ நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டிலும் அவர் ஆடினார். 2001 முதல் 2017 வரை இடைவிடாது ஒன்பது முறை ஆசியப் போட்டிகளில் இந்தியாவிற்காக ஆடியமை அவரது தனிச்சிறப்பு. தேசியப் போட்டிகளில் அவர் பெற்ற பதக்கங்கள் 30.

மணமும் மகப்பேறும் பெண்ணின் ஆட்டத்திற்கு முற்றுப்புள்ளி என்பர். அனிதா அம்மையார் தாயான பின்னும் களத்திற்குத் திரும்பினார். 2017-இல் பெங்களூரில் நிகழ்ந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவின் இறுதியாட்டத்தில், அவர் இடம்பெற்ற அணி கஜகஸ்தானை 75-73 என்னும் புள்ளிகளில் வென்று முதற்பிரிவிற்கு உயர்ந்தது. 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

இனி நம் ஆராய்ச்சிக்கு வருவோம். இந்நெடிய ஆட்டவாழ்வைத் தாங்கி நின்றது யாது? திறமை என்பது விடையின் ஒரு பாதியே. அவர் ஆடிய காலத்தில் நம் நாட்டு மகளிர்க்கு நிலையான தொழில்முறைப் போட்டித்தொடர் எதுவும் இல்லை. ஆடவர்க்கென 2015-இல் தோன்றிய தொடரொன்றும் 2017-க்குப் பின் நிலைக்கவில்லை. அனிதா அம்மையாருக்குச் சோறிட்டது தென்னக ரயில்வேயில் அவர் வகித்த பணி. திறமுடையார்க்கு வேலை தந்து, பயிற்சிக்கும் பந்தயத்திற்கும் நேரமும் அளிப்பது ரயில்வேயின் வழக்கம். மாதந்தோறும் தவறாது வரும் ஊதியம் இருந்தமையால், தோல்வியுற்ற ஆண்டிலும் காயமுற்ற ஆண்டிலும் அடுப்பு எரிந்தது.

இதனை மற்றொருவர் வரலாற்றோடு ஒப்புநோக்கின் பொருள் விளங்கும். நியூயார்க்கில் யூதக் குடியிற் பிறந்த ஆஸி ஷெக்ட்மன் என்பார், 1946 நவம்பர் முதல் நாள் டொராண்டோ நகரில், இன்று என்.பி.ஏ. எனப் புகழ்பெற்று விளங்கும் தொழில்முறைத் தொடரின் முதற்கூடையை இட்டவர். நியூயார்க் அணியின் தலைவருமாவார். ஆயினும் அத்தொடரில் அவர் ஆடியது ஒரே பருவம். அன்று தொடங்கிய 11 அணிகளில் டொராண்டோ உள்ளிட்ட 4 அணிகள் அடுத்த பருவத்திற்குமுன் கலைந்தன. தொழில்முறை ஆட்டக்காரர் எனப் பெயர் பெற்றவர் அத்தொடரில் ஒரு பருவமே ஆடினார். அப்பெயர் பெறாத ரயில்வே ஊழியர் பதினாறாண்டுகளுக்கு மேல் நாட்டிற்காக ஆடினார். காலமும் நாடும் வேறாயினும், ஆட்டவாழ்வின் நீளத்தை அளப்பது தொழிலின் பெயர் அன்று, ஊதியத்தின் உறுதியே என்பது இதனாற் போதரும்.

இவ்வுண்மை வரதராஜன்பேட்டை போன்ற ஊர்களுக்குப் பெரிதும் பயன்படுவது. முந்திரித் தோப்புகள் சூழ்ந்த இப்பகுதியில் ஓடவும் தாவவும் வல்ல பெண்மக்கள் பலர். கூடைப்பந்திற்கு வேண்டுவன ஒரு கம்பம், ஒரு வளையம், சமமான தரை, ஒரு பந்து, அவ்வளவே. எனினும் பள்ளியிறுதி வகுப்போடு அவர்தம் ஆட்டம் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. "இதனால் என்ன கிடைக்கும்?" எனப் பெற்றோர் வினவுகின்றனர். அவ்வினா இழிந்ததன்று, கூலிக்குச் செல்லும் வீட்டில் அது நேர்மையான வினா. அதற்கு நாம் தரும் விடையும் நேர்மையானதாதல் வேண்டும்.

புகழ் கிடைக்கும் என்பது அவ்விடையாகாது. ரயில்வேயிலும் தமிழ்நாட்டரசின் பணிகளிலும் விளையாட்டு வீரர்க்கு ஒதுக்கீடு உண்டு என்பதையும், அதற்கு மாவட்ட, மாநிலப் போட்டிச் சான்றிதழ்களைப் பேணி வைத்தல் வேண்டும் என்பதையும், படிப்பைக் கைவிடாது ஆடுதல் இயலும் என்பதையும் அவர்கட்கு எடுத்துரைத்தலே விடையாகும். எல்லார்க்கும் அவ்வேலை கிட்டும் என்று நாம் உறுதி கூறுதல் தகாது. இடங்கள் சில, நாடுவோர் பலர். ஆயினும் வழியொன்று உளது என்று அறியாமையால் ஒருத்தி பந்தைக் கீழே வைப்பாளாயின், அக்குறை அவளுடையது ஆகாது. அறிந்தும் சொல்லாத நம்முடையதே ஆகும்.