"கா சொல்லு" வேண்டாம்

கேள்வி: மகனுக்கு நான்கு வயது. மொழி வளர்ச்சிக் குறைபாடு என்கிறார்கள். காக்காவை 'தாக்கா' என்பான். தினமும் இருபது தடவை சொல்ல வைத்தேன். இப்போது வாயே திறப்பதில்லை.
– ஒரு தாய், திருப்பூர்

பதில்: அந்த இருபது தடவையை இன்றோடு விடுங்கள், அம்மா. போன வாரம் என் அறையில் ஒரு சிறுமி ஜன்னலைக் காட்டி, "அப்பா, தாக்கா போ" என்றாள். அப்பா உடனே, "கா சொல்லு, கா!" மூன்றாவது தடவை அவள் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். காக்கா பறந்துபோன சேதியைச் சொல்ல வந்தவள் அவள். "ஆமா, காக்கா போயிடுச்சு! காக்கா எங்க போச்சு?" என்று கேட்டிருந்தால், சரியான சொல் காதில் விழுந்திருக்கும், பேச்சும் வளர்ந்திருக்கும்.

எல்லோரும் 'தா'வையே பிடித்துக்கொள்கிறார்கள், 'போ'வை விட்டுவிடுகிறார்கள். போறேன், போச்சு, போவான் என்று யார், எப்போது என்பதையெல்லாம் தமிழ் சொல்லின் வாலில்தான் வைத்திருக்கிறது. மொழி வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகள் தடுமாறுவதும் அங்கேதான். எழுத்து எவ்வளவு சுத்தமாக வந்தாலும் "அம்மா போ" என்றால், அம்மா போனாளா, போகச் சொல்கிறானா? குளிப்பாட்டும்போது "தண்ணி ஊத்தறேன்... ஊத்திட்டேன்" என்று சின்னச் சின்ன முழு வாக்கியமாகப் பேசுங்கள். அவன் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். 'க' வர வைப்பதைத் தெரபிஸ்ட் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: நாக்கில் வசம்பு தேய்க்கலாமா?

பதில்: கூடாது. தேய்ப்பதால் பேச்சு வராது.

கேள்வி: கூப்பிட்டால் மகள் திரும்புகிறாள். காது பரிசோதனை எதற்கு?

பதில்: கூப்பிட்டால் திரும்புவது பரிசோதனை ஆகாது. சளியால் நடுக்காதில் நீர் கோத்திருந்தால் குரல் கேட்கும், 'ச' போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். காதில் விழாத ஒலியைக் குழந்தை எப்படிச் சொல்லும்? முதலில் காதைப் பாருங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்.

கேள்வி: மூன்று வயதில் 'மயை' என்கிறாள். எப்போது 'மழை' வரும்?

பதில்: ழ, ர, ற எல்லாம் கடைசியில் வருபவை. வெளியாருக்கு அவள் பேச்சில் முக்கால்வாசி புரிகிறதா? புரிந்தால் நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: தெரபிக்குப் பணம் கட்ட முடியவில்லை. அடுத்த வருடம் பார்க்கலாமா?

பதில்: ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைக்குப் போய் 'டி.இ.ஐ.சி.' எங்கே என்று கேளுங்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மையம் அது. மொழி வளர்ச்சித் தாமதத்தையும் காதையும் அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள்.