தோல் ஊர்களும் பொறியியல் படிப்பும்



பாலாற்றுப் பள்ளத்தாக்கில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று அமைந்த தோல் ஊர்களில் பொறியியலின் பெரும்பாலான கிளைகள் ஒரே தெருவுக்குள் வேலை செய்கின்றன. தோல் பதனிடும் டேனரியில் சுழலும் மர டிரம் இயந்திரவியல். அதற்குள் தோலுக்கு நடப்பது வேதிப் பொறியியல். வெளியே ஓடும் கழிவுநீரைக் கையாளுவதில் கட்டடவியலும் சுற்றுச்சூழல் பொறியியலும் சேர்கின்றன. ஷூ கம்பெனியில் ஒரு ஜோடிக் காலணியின் துண்டுகளை எந்த வரிசையில் தைத்தால் வேலை தேங்காது என்று கணக்கிடுவது தொழிற்பொறியியல். இவ்வளவும் கண்ணெதிரே இருக்க, பிளஸ் டூ முடித்தபின் கவுன்சலிங்கில் கிடைக்கும் ஓர் இடம்தான் பொறியியல் என்ற எண்ணமே இங்குள்ள பள்ளிகளிலும் பரவியிருக்கிறது. இந்தப் பகுதியின் வரலாற்றில் தொழில் முன்னால் ஓடியது, படிப்பு பின்னால் வந்தது, இடைப்பட்ட காலத்துக்கான விலையைக் கிணறுகள் கொடுத்தன.

அழுகும் பொருளை அழுகாததாக்குவதே பதனிடுதல். உப்பிட்டு வந்த பச்சைத் தோலை முதலில் தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்குவார்கள். பிறகு சுண்ணாம்பிலும் சோடியம் சல்ஃபைடிலும் போட்டு முடியை இளக்குவார்கள். ஒட்டியிருக்கும் சதையை இயந்திரத்தில் சீவி எடுத்து, அமிலமும் உப்பும் கலந்த நீரில் பக்குவப்படுத்தி, டிரம்மில் குரோமியம் உப்போடு சுழற்றினால் 'வெட் ப்ளூ' என்னும் நீலத் தோல் கிடைக்கும். பச்சைத் தோலின் புரத இழை ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரிலேயே சுருங்கிவிடும். குரோமியம் ஏறிய தோல் கொதிநீரையும் தாங்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் செய்த வேலை ஒரு நாளுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் வழக்கமான முறையில் போடும் குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை தோலில் ஏறாமல் நீரோடு போகிறது. ஒரு கிலோ தோலுக்கு 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. ஊறவைத்த நீரில் இறங்கும் சாதாரண உப்பு இவை எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை. குரோமியத்தைக் காரம் சேர்த்து வீழ்படிவாக்கிப் பிரித்துவிடலாம். கரைந்த உப்பு அப்படி எளிதில் பிரிந்து வராது.

குரோம் பதனத்தைச் சென்னை மாகாணத்தில் வேரூன்ற வைத்தவர் ஒரு பொறியியல் ஆசிரியர் என்பது பலருக்கும் தெரியாது. ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1888-ல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர். கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்த பிறகு, 1900-களின் தொடக்கத்தில் அவர் குரோம் தோலில் இறங்கினார். காரணம் கிணற்றடியில் இருந்தது. மாடு கட்டி நீர் இறைக்கும் கவலைக்குத் தோல் சால் வேண்டும். பட்டையில் பதமிட்ட சால் ஓயாமல் நனைந்து சீக்கிரம் நைந்துபோகும். குரோம் தோல் தண்ணீருக்கு ஈடுகொடுக்கும். விவசாயியின் கிணற்றுக்காக முயன்று பார்த்த அதே முறை பின்னாளில் கிணறுகளைக் கெடுத்தது என்பதில் குற்றவாளியைத் தேடிப் பயனில்லை. ஒரு கண்டுபிடிப்பை ஆயிரக்கணக்கான டிரம்களுக்குப் பெருக்கும்போது வேறு கணக்கு தொடங்கிவிடுகிறது, அதைச் சொல்லித்தர அன்று யாருமில்லை. அரசே தொழில் நடத்துவதை பிரிட்டிஷ் அரசில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபு 1910-ல் ஏற்க மறுத்தார். சென்னை அரசின் குரோம் தொழிற்சாலை கைமாறியது. சாட்டர்டன் 1912-ல் மைசூருக்குப் போய்விட்டார். பாடமும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ் இருந்த அரிய காலம் அத்தோடு முடிந்தது.

ஐரோப்பாவில் இதற்குள் தோலுக்கென்றே கல்வி உருவாகியிருந்தது. ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் 1889-ல் பதனிடும் பள்ளி தொடங்கியது. இங்கிலாந்தின் லீட்ஸில் ஹென்றி ப்ராக்டர் 1891-ல் தோல் துறையைத் தொடங்கினார். சென்னையில் அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1944-ல் எழுந்த ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பம் பட்டப்படிப்பாயிற்று. அருகிலேயே அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் இயக்குநராக இருந்த ஒய். நாயுடம்மா ஆய்வகத்தைத் தொழிலின் வாசலுக்குக் கொண்டுபோனவர். இந்த நிலையத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் கொலாஜனின் மூன்றிழைச் சுருள் அமைப்பை வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் ஆராய்ந்த கங்காருவின் வால் தசைநாண் இங்கிருந்துதான் போனது. ஆம்பூரில் டிரம்முக்குள் உருளும் பொருளும் உலக அறிவியலில் இடம்பெற்ற பொருளும் அதே கொலாஜன்தான். பள்ளிப் பாடநூல் இதை ஒரு வரியிலாவது சொன்னால் நன்றாக இருக்கும்.

1972-ல் சீதாராமய்யா குழு, பாதி பதமிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுமையான தோலும் தோல் பொருளும் இங்கேயே செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே கட்டுப்பாடு வந்தது. பெண்கள் பெருமளவில் வேலை பார்க்கும் ஷூ கம்பெனிகள் ஆம்பூரில் எழுந்ததற்கு இந்தக் கொள்கை ஒரு முக்கியக் காரணம். ஊருக்குள் செய்யும் வேதி வேலையும் கூடவே பெருகியது. இயந்திரங்களை வாங்கினார்கள், சந்தையைப் பிடித்தார்கள். கழிவுநீருக்கான பொறியியலை மட்டும் தள்ளிப்போட்டார்கள்.

தள்ளிப்போட்டதை நீதிமன்றம் கையிலெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பளித்தது. டேனரிப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிரிட முடியாததாகிவிட்டது என்ற ஆய்வு அதில் எடுத்துக்காட்டப்பட்டது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும், கேடு உறுதிப்படும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளும் இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் நிலைபெற்றது இந்த வழக்கில்தான். சட்டம் படிப்பவர்கள் நாடெங்கும் வேலூரின் பெயரை இதனால் அறிகிறார்கள். பொறியியல் படிப்பவர்களுக்கும் அது கட்டாயப் பாடமாக வேண்டிய தீர்ப்பு.

அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வலுப்பட்டன. முதலில் கழிவுநீரைத் தேக்கிச் சமப்படுத்தி, படியவைத்து, நுண்ணுயிர்களால் கரிமக் கழிவைத் தின்னவைத்தார்கள். கரைந்த உப்பு அப்படியே நின்றது. வெளியேற்றும் நீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைதிடப் பொருள் இருக்கக் கூடாது என்பது விதி. டேனரிக் கழிவுநீரில் அது பல மடங்கு. ஆகவே எதிர்ச் சவ்வூடு பரவல் வந்தது. நல்ல நீரைச் சவ்வு பிரித்து மறுபயன்பாட்டுக்குக் கொடுக்கிறது. மிஞ்சும் அடர்நீரை ஆவிப்பான்களில் காய்ச்சி உப்பாக்குகிறார்கள். துளி நீரும் வெளியே போகாத இந்த ஏற்பாடு பெரிய சாதனைதான், மின்சாரமும் விறகும் அதற்குக் கொடுக்கும் விலை. ஆனால் கடைசியில் கிடைக்கும் கலப்பு உப்பு விலைபோகாமல் கிடங்கில் குவிகிறது. ஆற்றில் போன உப்பு இப்போது மூட்டையில் இருக்கிறது. பொறியியலில் ஒரு சிக்கல் தீர்ந்ததா இடம் மாறியதா என்று கேட்கப் பழகுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்தப் பகுதியில் இல்லை.

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். தேங்கிய திரவம் சுவரை ஆழத்துக்கேற்ப எவ்வளவு விசையோடு தள்ளும் என்பது பள்ளி இயற்பியலிலேயே வரும் கணக்கு. அதே ஊரில் 1995-ல் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவுக் குவியலில் இருப்பது ஆறிணைதிறன் குரோமியம். டேனரியில் பயன்படும் மூவிணைதிறன் குரோமியத்தைவிட அது பன்மடங்கு நச்சானது. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசைப் பற்றி மறுபடியும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டையும், நிலைமையைக் கண்காணிக்க ஒரு குழுவையும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்பின்போது பள்ளியில் படித்தவர்களின் பிள்ளைகள் இப்போது பள்ளியில் படிக்கிறார்கள்.

கல்விக்குத் தோல் ஊர்கள் கஞ்சத்தனம் காட்டியதில்லை. தோல் வணிகர்களின் பணமும் ஊர்க் கல்விச் சங்கங்களின் உழைப்பும் சேர்ந்து வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரியை 1919-லேயே உருவாக்கின. தோல் வணிகராக இருந்து வள்ளலாகப் பெயர்பெற்ற சி. அப்துல் ஹக்கீமின் பெயரில் மேல்விஷாரத்தில் 1965-ல் கலைக் கல்லூரி வந்தது; அதே பெயரில் பொறியியல் கல்லூரி 1998-ல்தான் வந்தது. இதற்குள் வேலூரில் ஜி. விஸ்வநாதன் 1984-ல் தொடங்கிய பொறியியல் கல்லூரி வளர்ந்துகொண்டிருந்தது. 2001-ல் அது வி.ஐ.டி. என்னும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. வேலூர் பாகாயத்தில் தந்தை பெரியார் பெயரிலான தொழில்நுட்பக் கல்லூரி 1990-ல் தொடங்கியது. ஆக, இங்கே கல்லூரிக்குப் பஞ்சமில்லை. மாநிலம் முழுக்கக் கணினி சார்ந்த பிரிவுகளே முதலில் நிரம்புகின்றன. கட்டடவியலும் இயந்திரவியலும் பின்தங்குகின்றன. சம்பளத்தை எண்ணிப் பெற்றோர் எடுக்கும் முடிவு அது, குறை சொல்ல முடியாது. ஆனால் கணினிப் பிரிவில் சேர்பவர்களுக்கும் வாசலில் வேலை இருக்கிறது: ஆவிப்பான் எப்போது அடைத்துக்கொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்வதும், தோலின் குறையைப் படத்தில் கண்டு வெட்டுமிடத்தைக் குறிப்பதும் இன்று கணினிச் சிக்கல்கள்தாம்.

விருப்பம் உருவாகும் இடம் பள்ளி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2001-ல் பொறியியலைப் பள்ளிப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2013-ல் அந்நாட்டில் வெளியான புதிய அறிவியல் கல்வித் தரங்கள் வடிவமைப்பை அறிவியலோடு சேர்த்தே கற்பிக்கச் சொன்னன. யுனெஸ்கோ 2010-லும் 2021-லும் பொறியியலுக்கென்று தனி அறிக்கை வெளியிட்டது. 2020 முதல் மார்ச் 4 உலகப் பொறியியல் நாள். இந்தியாவில் 2016 முதல் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் பள்ளிகளில் அமைகின்றன. நல்ல திட்டம், ஆனால் ரோபோவும் ட்ரோனும் செய்துகாட்டும் கண்காட்சிக் கூடமாக அது சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. பேரணாம்பட்டில் ஒரு பள்ளிக்கு, நீரில் கரைதிடப் பொருளை அளக்கும் விலை மலிவான டி.டி.எஸ். மீட்டர் ஒன்று போதும். மாணவர்கள் அவரவர் தெருக் கிணற்று நீரையும் போர்வெல் நீரையும் மழைக்கு முன்னும் பின்னும் அளந்து வரைபடத்தில் குறிக்கலாம். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, மாற்று வழி இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி என்பது இந்தியத் தர அளவு; அதோடு ஒப்பிட்டால் வரைபடமே கேள்வி கேட்கும். ஒரு வருடம் அளந்தால் அளவீட்டுப் பிழை என்பது என்ன, ஒரே கிணறு இரு நாளில் இரு எண் காட்டுவது ஏன் என்பதெல்லாம் தானே விளங்கும்.

ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை: டேனரிக் கழிவுநீரை வகுப்பறைக்குள் கொண்டுவரக் கூடாது. சல்ஃபைடு கலந்த நீரில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு எழும். கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளர்களைக் கொல்லும் வாயு அது. செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. சுண்ணாம்புத் தொட்டி நீரையும் அமிலத் தொட்டி நீரையும் தனித்தனிக் குழாயில் விட வேண்டியதன் காரணத்தைக் கரும்பலகையில் விளக்கினாலே வேதியியலும் வடிவமைப்பும் சேர்ந்து புரியும்.

படிப்புக்குப் போகும் வழிகள் பல. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமா முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஆலையில் கையழுக்காகப் பழக விரும்புபவர்களுக்கு இதுவே சிறந்த வழி. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்குப் போகலாம்; 2007 முதல் மாநில நுழைவுத்தேர்வு கிடையாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-ல் வந்த சட்டத்தின்படி 7.5 சதவீத இடங்கள் தனியே உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. கட்டடவியலையும் இயந்திரவியலையும் அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் தமிழ்வழியிலும் கற்பித்துவருகிறது. அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டங்களை உறுப்பு நாடுகள் தமக்குள் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-ல் முழு உறுப்பினராயிற்று; ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தக் குறிப்பிட்ட பிரிவுக்குத் தேசிய அங்கீகார வாரியத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. கல்லூரிக்கு இருக்கும் பொதுவான பெயர் அந்த ஒப்புதலுக்கு ஈடாகாது. தோல் தொழில்நுட்பத்தில் பி.டெக். படிப்பு சென்னை ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரியில் இருக்கிறது. அதற்கும் அதே கலந்தாய்வுதான்.