டிரவுட் கிடக்கட்டும், விராலைப் பிடியுங்கள்

கேள்வி: ஐயா, எனக்குத் திருப்பூர். பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். சின்ன வயதில் வாய்க்காலில் மூங்கில் குச்சியும் மண்புழுவுமாகத் தூண்டில் போட்டதோடு சரி. இப்போது யூடியூப் பார்த்துவிட்டு எனக்கும் என் பதினொரு வயது மகனுக்கும் சேர்த்து ஏழடி ஸ்பின்னிங் ராடும் ரீலும் வாங்கிவிட்டேன். அவலாஞ்சி, எமரால்டு பக்கம் டிரவுட் பிடிக்கலாம், காவிரியில் மஹசீர் பிடிக்கலாம் என்கிறார்கள். நிஜமா? லைசென்ஸ் வேண்டுமா? கோடையில் தடைக்காலம் என்கிறார்களே, அது நமக்கும் உண்டா? எங்கே, எப்போது போனால் மீன் கிடைக்கும்?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தடைக்காலத்தை முதலில் முடித்துவிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்பது கிழக்குக் கடற்கரை விசைப்படகுகளுக்கு. ஏரி, ஆற்றுத் தூண்டிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உள்நாட்டில் பார்க்க வேண்டியது தண்ணீர் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான். வனத்துறையா, மீன்வளத் துறையா, பஞ்சாயத்தா, குத்தகைதாரரா? இது தெரியாமல் ராடைத் தூக்கிக்கொண்டு போனால் மீனுக்கு முன்னால் வம்பு வந்து சேரும்.

டிரவுட் நீலகிரிக்கு வந்து குடியேறிய மீன். 1860களில் பிரான்சிஸ் டே கொண்டுவர முயன்றார், முடியவில்லை. 1906-07 வாக்கில் எச்.சி. வில்சன் காரியத்தைச் சாதித்தார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் 1907இல் வந்தது. எல்லாம் துரைமார்களின் பொழுதுபோக்குக்காக. தண்ணீர் இருபது டிகிரியைத் தாண்டினாலே இந்த மீனுக்குத் திண்டாட்டம். அதனால் அவலாஞ்சி, மேல்பவானி, முக்கூர்த்தி போன்ற உயரமான அணைகளையும் ஓடைகளையும் விட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. அந்த இடங்களோ காட்டுக்குள் இருக்கின்றன. முக்கூர்த்தி தேசியப் பூங்கா, அங்கே தூண்டில் பேச்சே கிடையாது. மற்ற இடங்களிலும் வனத்துறை அனுமதிக்கும் எல்லைக்குள்தான் நாம் நடமாட முடியும். பழைய சுற்றுலாக் கையேடுகளில் 'ஊட்டி மீன்வள அலுவலகத்தில் சீட்டு வாங்கிக்கொண்டால் போதும்' என்று இருக்கும். அதை நம்பி மலையேறாதீர்கள். மீன்வளத் துறை, வனத்துறை இரண்டிடமும் கேட்டு, இரண்டு பேரும் சரி என்றால் மட்டும் போங்கள். ஊட்டி ஏரி மீனைப் பற்றி நான் வாயைத் திறக்கப் போவதில்லை. அதில் கலந்த சாக்கடைக்குக் கணக்கில்லை.

மஹசீருக்கு வருகிறேன். கபினி ஆற்றில் 1946இல் மைசூரைச் சேர்ந்த வான் இன்ஜென் என்பவர் பிடித்த மீன் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. உலகத்தின் தூண்டில்காரர்கள் காவிரிப் படுகையைத் தேடி வந்தது இந்த மாதிரி மீனுக்காகத்தான். கர்நாடகப் பக்கம் பீமேஸ்வரி, கலிபோர், தொட்டமாக்களி முகாம்கள் பல ஆண்டுகள் ஓடின. பிடித்த மீனை எடைபோட்டு, நோட்டில் எழுதிவிட்டு, திரும்ப ஆற்றில் விட்டுவிடுவார்கள். பின்னால் அந்த நோட்டுகளை ஆராய்ந்தபோது ஒரு விஷயம் வெளிப்பட்டது. முகாமில் மீன் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிருக்கிறது. ஆனால் கூடியதெல்லாம் நீலத் துடுப்பு மஹசீர், அதாவது குஞ்சாக வளர்த்து வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட வகை. காவிரிக்கே சொந்தமான, முதுகில் திமில் வைத்த பெரிய மஹசீர் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. அந்தத் திமில் மீன் எந்த இனம் என்பதே 2018இல்தான் விஞ்ஞான முறைப்படி உறுதியானது. அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலிலும் ஏறிவிட்டது. அதாவது 'நிறைய மஹசீர் இருக்கிறது' என்று எல்லோரும் மகிழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே உண்மையான மஹசீர் போய்க்கொண்டிருந்தது. நல்லெண்ணத்தில் குஞ்சு விடுவதை நான் இப்போதெல்லாம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்று அந்த முகாம்களில் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. நம் பக்கமும் ஒகேனக்கலைச் சுற்றிய காடுகள் 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாகவும், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தின் வேறு காடுகள் 2022இல் காவிரி தெற்குச் சரணாலயமாகவும் ஆகிவிட்டன. ஆகவே மஹசீர் ஆசையை விட்டுவிடுங்கள். வேறெங்காவது தற்செயலாக மாட்டினால், கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரைவிட்டு வெளியே தூக்காமல் முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள்.

'அப்புறம் என்னதான் பிடிப்பது?' என்றால், விரால். தூண்டில் ஆட்டத்துக்கு டிரவுட்டைவிட விரால் ஒரு படி மேல் என்பது என் கட்சி. பாசி படர்ந்த குளத்து ஓரம், அல்லிக் கொடி, கோரைப் புல், வெயில் ஏறாத காலை. விரால் காற்றுக்காக அடிக்கடி மேலே வந்தாக வேண்டிய மீன். 'ப்ளக்' என்று ஒரு சத்தமும் வட்டமும் வந்தால் இடம் தெரிந்துவிடும். ரப்பர் தவளையை அந்த இடத்துக்கு இரண்டடி தாண்டிப் போட்டு, இலைமேல் தத்தித் தத்தி இழுத்து வாருங்கள். பின்னால் தண்ணீர் லேசாகப் புடைத்துக்கொண்டு வரும். அப்போது நிறுத்தக் கூடாது. வெடித்தது போல் அடிக்கும், தவளை மறையும். புதிதாக வருபவர்கள் அந்த நொடியிலேயே சுண்டி, வெறும் தவளையை முகத்தில் வாங்குவார்கள். 'ஒன்று, இரண்டு' என்று மனதுக்குள் எண்ணி, தூண்டில் நரம்பு நகர்வது தெரிந்தபின் சுண்டுங்கள். இதற்கு நைலான் நரம்பு போதாது. முப்பது, நாற்பது பவுண்டு பின்னல் நரம்பு வேண்டும். இல்லாவிட்டால் கொடிக்குள் புகுந்து அறுத்துக்கொண்டு போய்விடும்.

ஒரே ஒரு கண்டிப்பு. தண்ணீர்மேல் செம்பு நிறத்தில் குஞ்சுகள் கூட்டமாக எழுந்து எழுந்து அடங்கினால், கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கின்றன என்று அர்த்தம். காவல் மீன் எதைப் போட்டாலும் கோபத்தில் கடிக்கும், பிடிப்பது சுலபம். அதைப் பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் அன்றைக்கே மற்ற மீன்களுக்கு இரை. வேறு கரைக்குப் போய்விடுங்கள்.

இடம் சொல்கிறேன். உங்கள் ஊர் நஞ்சராயன் குளம் 2022 முதல் பறவைகள் சரணாலயம், அங்கே வேண்டாம். நொய்யலிலும் ஒரத்துப்பாளையத்திலும் மீன் இருந்தாலும் சாயக்கழிவு கண்ட தண்ணீர், வாயில் வைக்காதீர்கள். அமராவதி அணையில் மீன்பிடி உரிமை தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழகத்துடையது. அங்கே முதலையும் உண்டு. முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று தூண்டில் போடும் பழக்கத்தை அங்கே காட்டக் கூடாது. பவானிசாகர் கரை புலிகள் காப்பகத்தை ஒட்டியது, சாயங்காலம் யானை தண்ணீருக்கு வரும். அதையும் விடுங்கள்.

மேட்டூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் காவிரியில் இருக்கும் கதவணைத் தேக்கங்களைத்தான் நான் முதலில் சொல்வேன். நெருஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை மாதிரி இடங்கள். தண்ணீர் அசையாமல் நிற்கும். கட்லா, ரோகு, கெளுத்தி, வாளை எல்லாம் உண்டு. மதகுக்குக் கீழே மட்டும் நிற்காதீர்கள், சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் ஏறும். உள்ளூர் பரிசல்காரரிடம் எங்கே நிற்கலாம், யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரித்துவிட்டு, அவர் வலை கட்டிய இடத்துக்கு எட்டியே நில்லுங்கள். அவருக்கு அது பிழைப்பு. கிராமத்துக் குளம் என்றால் மீன்பாசி குத்தகை எடுத்தவர் ஒருவர் இருப்பார். முன்கூட்டியே பேசி, பிடித்த மீனுக்குக் கிலோ கணக்கில் காசு கொடுத்துவிட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

காலம்? புதுவெள்ளம் வந்து கலங்கலாக இருக்கும்போது கெளுத்திக்கு மண்புழுவோ கோழிக் குடலோ போடலாம், கெண்டை வகைகள் அப்போது கிடைக்காது. தண்ணீர் தெளிந்து, மட்டம் இறங்கத் தொடங்கும் வாரங்கள்தான் கெண்டைக்கு. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் நிறுத்திய ஒரு வாரம் தேங்கிய பள்ளங்களில் மீன் அடைந்து கிடக்கும், அந்த வாரத்தைத் தவறவிடாதீர்கள். இரைக்குக் கடலைப் புண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் மைதா சேர்த்துப் பிசைந்த உருண்டை. கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். தக்கையை அதற்கேற்ப ஏற்றி இறக்குங்கள்.

பையனுக்கு முதல் நாளே விரால் வேண்டாம், காத்திருந்து சலித்துவிடுவான். ஜிலேபிக் கெண்டையில் ஆரம்பிக்கட்டும். சின்ன முள், அரை மண்புழு, தக்கை, கரையிலிருந்து பத்தடி. நிமிடத்துக்கு நிமிடம் தக்கை ஆடும். 1952இல் இந்தியாவுக்குள் வந்த மீன் இது, நம் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதைத் திரும்ப விட வேண்டியதில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் வறுத்துத் தின்னுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினாலும் அப்படியே, ஒருபோதும் தண்ணீரில் விடாதீர்கள். வளர்ப்பதற்கே தடை போட்ட மீன் அது.

நீங்கள் வாங்கியது கார்பன் ராடு என்றால் இன்னொன்று. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். வாய்க்கால் கரையில் மின்கம்பிக்குக் கீழே ராடை நிமிர்த்திப் பிடித்து நடக்க வேண்டாம், இரண்டாகக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள். இடி இடித்தால் ராடைக் கீழே போட்டுவிட்டு ஓடுங்கள்.