உச்சி வெயிலில் வரும் பேய்கள்

கேள்வி:



போன முழுப்பரீட்சை லீவில் சென்னையிலிருந்து வந்த பெரியம்மா மகள் ‘ட்விலைட்’ நாலு பாகத்தையும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். இங்கிலீஷில் இவ்வளவு தடிமனான புத்தகத்தை நானே படித்து முடித்தது அதுதான் முதல் முறை. அகராதியைத் திறக்கக்கூட மனசு வரவில்லை, அவ்வளவு வேகம். அப்புறம் ‘வாம்பயர் அகாடமி’. அதில் வரும் ரோஸ்தான் என் உயிர். ‘ட்விலைட்’ பெல்லா எதற்கெடுத்தாலும் எட்வர்டைத் தேடுகிறாள். ரோஸ் தன் தோழி லிஸ்ஸாவுக்காகத் தானே சண்டைக்கு நிற்கிறாள். ‘பெர்சி ஜாக்சன்’ சிரிக்கச் சிரிக்கப் போனாலும், அப்பா பக்கத்தில் இல்லாமல் வளரும் பையனின் கோபம் நிஜமாக இருக்கிறது. ‘ட்விலைட்’டில் வரும் ஜேக்கப் பாவம் என்று என் தோழி தினமும் சண்டை போடுகிறாள். எனக்கு ஜேக்கபும் வேண்டாம், எட்வர்டும் வேண்டாம், ஆலிஸ் ஒருத்தி போதும்.

வீட்டில் “பேய்க்கதை படிச்சா மார்க் வருமா?” என்கிறார்கள். ஒரு டீச்சர் “இதெல்லாம் இலக்கியமே இல்லை” என்றார். நிஜமாகவே இவை குப்பையா அக்கா? தமிழில் என் வயசுப் பெண்ணை வைத்து இப்படிக் கதை ஏன் இல்லை? எங்கள் ஊரில் பனியும் இல்லை, அடர்ந்த காடும் இல்லை. வெயிலும் பட்டாசு மருந்து வாடையும்தான். இங்கே எந்த ரத்தக்காட்டேரி வரும்?

– பிளஸ் ஒன் மாணவி, சிவகாசி

பதில்:



குப்பை இல்லை. ஒரு புத்தகம் உன்னை இன்னொரு மொழிக்குள் அகராதி இல்லாமல் ஓட வைத்திருக்கிறது என்றால் அதற்குள் ஏதோ சரக்கு இருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, நீ ‘சூப்பர்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்ளாதது. பெல்லாவையும் ரோஸையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, யார் யாருக்காக நிற்கிறார்கள் என்று பார்த்திருக்கிறாய். விமர்சனம் என்று பெரியவர்கள் செய்வதும் அதைத்தான்.

ரோஸ் பற்றி நீ சொன்னதோடு இன்னும் கொஞ்சம் சேர்க்கிறேன். ரிச்செல் மீட் 2007-ல் எழுதிய ‘வாம்பயர் அகாடமி’ முதல் பாகத்தைத் திரும்பப் படித்துப் பார். ஒரு குலத்தார் மந்திரசக்தியோடு அரண்மனைவாசிகள் மாதிரி வாழ்கிறார்கள். இன்னொரு குலத்தார் அவர்களுக்குக் காவல் நிற்கிறார்கள். சாவு வந்தால் முதலில் விழவேண்டியது காவல்காரர்கள். ரோஸ் தோழியை உயிராக நேசிக்கிறாள். ஆனாலும் ‘என் உயிர் மட்டும் ஏன் மலிவு?’ என்ற கேள்வி கதையின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பயர் ஆபீஸ் எனும் பட்டாசு ஆலையின் வேனுக்காக விடியற்காலையில் ஜனங்கள் தூக்குவாளியோடு காத்து நிற்கும் ஊரில் இருந்து படிக்கிற உனக்கு அந்தக் கேள்வி, சென்னைப் பிள்ளைக்குப் படாத விதத்தில் படும்.

எட்வர்ட் விஷயத்தில் நான் உன் பக்கம். தூங்குகிற பெண்ணை அவளுக்குத் தெரியாமல் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கதை காதலாகக் காட்டுகிறது. நம் தெருவில் ஒருவன் அதைச் செய்தால் அதற்குப் பெயர் வேறு. ‘ட்விலைட்’ எழுதிய ஸ்டெஃபனி மேயர் 2015-ல் இதே கதையில் ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் மாற்றி ‘லைஃப் அண்ட் டெத்’ என்று எழுதினார். கிடைத்தால் படி. ஆணும் பெண்ணும் இடம் மாறும்போது உனக்கு எப்படி இருக்கிறது என்று பார்.

இனி உன் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கடிதத்திலேயே கனமானது அதுதான்.

மேயர் ‘ட்விலைட்’டை எழுதத் தொடங்கியபோது ஃபோர்க்ஸ் என்ற ஊரைப் பார்த்ததே இல்லை. அவருடைய ரத்தக்காட்டேரிகள் வெயிலில் நின்றால் உடம்பு மின்னும், குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் அமெரிக்காவில் மழை மிக அதிகமாகப் பெய்யும் இடம் எது என்று இணையத்தில் தேடி, வாஷிங்டன் மாநிலத்து மூலையில் இருந்த அந்தச் சின்ன ஊரைப் பிடித்தார். அங்கே வருடத்துக்கு நூறு அங்குலத்துக்கும் மேல் மழை. பேய் முதலில் வந்தது, அதற்கு ஏற்ற வானம் அப்புறம் வந்தது.

இன்னும் பின்னால் போனால் வானம்தான் முதலில். 1815-ல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் புகையும் மேலே பரவி, அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு அடங்கி வீட்டுக்குள் கிடந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று பேசிக்கொண்டார்கள். அங்கே இருந்த மேரி ஷெல்லிக்கு அப்போது வயது 18. அவர் தொடங்கியதுதான் 1818-ல் வெளிவந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. அதே கூட்டத்தில் இருந்த பாலிடோரி என்ற இளம் மருத்துவர் எழுதி 1819-ல் வந்த ‘தி வாம்பயர்’ கதைதான் கனவான் வேடத்தில் திரியும் ரத்தக்காட்டேரியை ஆங்கிலத்தில் நிலைநிறுத்தியது. ‘டிராகுலா’ வந்தது 1897-ல். உன் எட்வர்டின் கொள்ளுப்பாட்டன் அந்த இருண்ட கோடையில் பிறந்தவன்.

அவர்களுக்கு மழையும் இருட்டும் என்றால், நமக்கு என்ன? உன் அப்பத்தாவையோ அம்மாச்சியையோ கேள். “ராத்திரி போகாதே” என்று சொன்ன அதே வாயால் “உச்சிப் பொழுதில் கம்மாய்க்கரைப் பக்கம் போகாதே, புளியமரத்தடியில் நிற்காதே, முனி அடிச்சிரும்” என்றும் சொல்லியிருப்பார். நம் பேய்க்குப் பகல் பன்னிரண்டு மணியும் நேரம்தான். சித்திரை மாத மதியத்தை நினைத்துப் பார். தார்ச்சாலை தூரத்தில் தண்ணீர் மாதிரி அலையடிக்கும். உன் நிழல் சுருங்கிக் காலடிக்குள் வந்துவிடும். வேலிக்கருவை இலைகூட அசையாது, காக்கைச் சத்தமும் இருக்காது. இருட்டில் வருகிற பயம், எதுவும் கண்ணுக்குத் தெரியாததால் வருவது. உச்சி வெயிலில் எல்லாமே தெரிகிறது, ஒளிய ஓர் இடம் இல்லை, ஆனாலும் யாரோ பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது. இரண்டாவது பயம் இன்னும் மோசமானது என்பது என் எண்ணம். உன் ஊரில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் வேரூன்ற வழிவிட்டது இந்த வறண்ட வெயில். ஒரு நாவலுக்கும் அது தாங்கும்.

பேய் எதற்காக வருகிறது என்பதிலும் நம் ஆட்கள் வேறு மாதிரி. ரத்தக்காட்டேரிக்குப் பசி. நம் பேய்க்கு வழக்கு. பழையனூர் நீலியின் கதை தெரியுமா? போன பிறவியில் தன்னைக் கொன்ற கணவன் இந்தப் பிறவியில் வணிகனாக வருகிறான். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர் என் புருஷன், என்னோடு அனுப்பிவையுங்கள்’ என்று ஊர்ச் சபையில் நின்று வாதாடுகிறாள். சபையும் நம்பி, அவன் உயிருக்கு உத்தரவாதம் கொடுத்து அனுப்பி வைக்கிறது. பயமுறுத்தாமல், சாட்சி சொல்லி ஜெயிக்கிற பேய்!

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். உன் மாவட்டத்திலேயே, வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காள் கோயில் இருக்கிறது. பஞ்ச காலத்தில் ஏழு பிள்ளைகளோடு பசியில் அண்ணன் வீடு தேடி வந்து, அண்ணி மூளி அலங்காரி சோறு போடாமல் விரட்டியதால் பிள்ளைகளோடு மாண்டுபோனவள். அவள் கதையில் வரும் கிணறு இதுதான் என்று ஊரார் ஒரு கிணற்றை இன்றும் காட்டுகிறார்கள். அவளைப் பேயாக்கி விரட்டாமல் சாமியாக்கிக் கும்பிட்டார்கள். அநியாயமாகச் செத்தவர்கள் எப்படிச் சாமியானார்கள் என்பதைச் சாத்தூர்ப் பக்கத்து எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் ‘சாமிகளின் பிறப்பும் இறப்பும்’ என்ற சின்னப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். கதை எழுதும் ஆசை உள்ளவர்களுக்கு அது ஒரு சுரங்கம்.

தமிழில் ஏன் இல்லை என்று கேட்டாய். பேய்க்கதை இல்லாமல் இல்லை. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ 1943-ல் வந்தது. ஓர் எழுத்தாளர் வீட்டுக்கு ஒரு பிச்சைக்காரி வேலைக்காரியாக வந்து சேர்கிறாள், அவ்வளவுதான் கதை. அவள் யார் என்று கடைசி வரைக்கும் திட்டமாகச் சொல்லமாட்டார். படித்து முடித்த பிறகு உன் வீட்டுச் சமையலறைச் சத்தமே வேறாகக் கேட்கும். ஜெயமோகனின் ‘நிழல்வெளிக் கதைகள்’ இருக்கிறது. மதுரையில் வாழ்ந்து 2024-ல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன், குலசாமியையும் சித்தர்களையும் துப்பறியும் கதைக்குள் கொண்டுவந்தவர். அவருடைய ‘விட்டுவிடு கருப்பா’ தொலைக்காட்சியில் ‘விடாது கருப்பு’ ஆனபோது உன் அம்மாவின் தலைமுறை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. வீட்டில் கேட்டுப் பார், குதிரைச் சத்தத்தை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

உன் ஊரே இதில் பெரிய பங்காளி. 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மொத்தமும் மறைந்து, இரும்புக் கை மட்டும் காற்றில் மிதந்து போகும். பிரிட்டனில் பிறந்த அந்த ஆளை மூன்று தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொந்தக்காரன் ஆக்கியது சிவகாசி அச்சு. முத்து காமிக்ஸை நடத்திய சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் 1984-ல் லயன் காமிக்ஸைத் தொடங்கியபோது இருபது வயதைக்கூடத் தொடவில்லை.

ஆனாலும் நீ கேட்பது இவற்றில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அம்புலிமாமா இதழ் வந்தது சின்னப் பிள்ளைகளுக்கு. வாரப் பத்திரிகைத் தொடர்கதை வீட்டுப் பெரியவர்களுக்கு. நடுவில் பதினைந்து, பதினாறு வயது நிற்கிறது. அந்த வயதுப் பெண் நம் பேய்க்கதைகளில் பெரும்பாலும் பேய் பிடித்தவளாகத்தான் வருகிறாள். தலைவிரித்து ஆடுவாள், பூசாரி வருவார், வேப்பிலை அடிப்பார். அவள் என்ன பார்த்தாள், என்ன நினைத்தாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. ரோஸைப் படித்துவிட்டு வந்த உனக்கு இது உறுத்துவதில் ஆச்சரியம் இல்லை. எனக்கும் கோபம்தான். உன் மாவட்டம் மல்லாங்கிணற்றைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் ‘ஏழு தலை நகரம்’ என்று பிள்ளைகளுக்காக ஒரு மாய நாவல் எழுதியிருக்கிறார், அதைப் படி. ஆனால் உன் வயதுக்கு என்று ஓர் அலமாரியை நிரப்புகிற அளவுக்கு இன்னும் புத்தகங்கள் வரவில்லை.

அதனால் நீ எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதுமுன் ஒரே ஒரு பாடம். மாயக்கதைக்கு விதி முக்கியம். பயர் ஆபீஸில் மருந்து அறைக்குள் பருத்தித் துணி, இத்தனை பேர்தான், அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி என்று இருக்கிற மாதிரி, உன் பேய்க்கும் கட்டுப்பாடு வேண்டும். அது மீறப்படும்போதுதான் கதை வெடிக்கும். வேதாளத்தைப் பார். பதில் தெரிந்தும் பேசாமல் இருந்தால் தலை வெடிக்கும், பேசினால் பிணத்தோடு முருங்கை மரத்துக்குப் பறந்துவிடும். இரண்டே விதியில் விக்கிரமாதித்தனைக் கட்டிப்போட்டு, இத்தனை நூற்றாண்டு கதை ஓடுகிறது.

ஒன்றில் மட்டும் கவனமாக இரு. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி உன் ஊருக்குப் பக்கத்து முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உதவி செய்ய ஓடிவந்த ஊர்க்காரர்களும் அதில் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் உன் பக்கத்து பெஞ்சில் இருக்கலாம். எரிந்துபோனவர்களைப் பயம்காட்டும் பொம்மையாக நிறுத்தாதே. நீலியைப் போல, நல்லதங்காளைப் போல, அவர்களுக்கு ஒரு கேள்வி இருக்கட்டும், அதைக் கேட்க உன் கதாநாயகிக்குக் காது இருக்கட்டும். ஒரு காலத்தில் விடியுமுன்னே வேன் வந்து கிராமம் கிராமமாகப் பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அள்ளிக்கொண்டு போனது. சலம் பென்னுரகர் 1990-ல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படத்தில் அந்த முகங்களைப் பார்க்கலாம். பள்ளிக்கூடமே போகாத அப்படி ஒருத்தி, பதினாறு வயசிலேயே நின்றுபோனவள், ஒரு மதியம் உன் வகுப்பில் காலியாகக் கிடக்கும் இடத்தில் வந்து உட்கார்ந்தால்? அவளுக்கு ரத்தம் வேண்டாம். வேறு என்ன வேண்டும் என்பதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த லீவில் மதுரைக்குப் போனால் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு முழுநாள் உட்கார், மேலே சொன்ன புத்தகங்களைத் தேடு. ‘காஞ்சனை’யிலிருந்து ஆரம்பி. அதற்கு முன் வீட்டில் வயதானவர்களிடம் உங்கள் ஊர் முனியைப் பற்றி மூன்று கேள்வி கேட்டு நோட்டில் எழுதிக்கொள்: எப்போது வரும், எதற்குப் பயப்படும், என்ன கேட்கும். பதில்கள் வீட்டுக்கு வீடு மாறும். மாறுகிற இடத்தில் உன் கதையைத் தொடங்கு. முதல் அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்பு. எங்கே பயந்தேன், எங்கே நம்பவில்லை என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.