செல்லம் வேறு, அன்பு வேறு

செல்வர் வீட்டுப் பெண் குழந்தை ஒன்று பள்ளியில் எதற்கெடுத்தாலும் அடம் பிடிக்கிறது. சக மாணவியரை அலட்சியமாகப் பேசுகிறது. விலையுயர்ந்த பொருள்களைக் கொண்டுவந்து எல்லோரிடமும் காட்டுகிறது. மறுநாள் அவற்றையே தோழியருக்கு வாரி வழங்கிவிட்டு, அவர்கள் தன்னோடு சேர்ந்து உண்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கிறது. இதைக் காணும் நாம், ‘அளவுக்கு மீறிய செல்லத்தால் கெட்டுவிட்டது’ என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு வழங்கிவிடுகிறோம்.

இத்தீர்ப்பில் பாதிதான் உண்மை. அளவுக்கு மீறிக் கிடைத்தது எது, சிறிதும் கிடைக்காதது எது என்று நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. ‘செல்லம் கொடுத்தல்’ என்ற நம் வழக்கில் கேட்டதை வாங்கித் தருவது அடங்கும்; கண்டிக்காமல் விடுவது அடங்கும்; வந்தவர் போனவர் முன் கொஞ்சிக் காட்டுவதும் அடங்கும். இவை அனைத்தையும் அன்பில்லாதவர்களாலும் செய்ய முடியும். சம்பளம் வாங்கும் பணியாளரைக் கொண்டே இவற்றையெல்லாம் செய்துமுடித்துவிடலாம். பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. நேசிக்கப்பட வேண்டும் என்ற ஏக்கம் அக்குழந்தையிடம் அப்படியே இருக்கிறது. கையில் உள்ள பொருள்களைக் கொண்டே அது தன் ஏக்கத்தைப் பேச முயல்கிறது. நாம் அதைத் திமிர் என்று வாசிக்கிறோம்.

இதைத் தெளிவாக உணர, அமெரிக்காவின் நியூயார்க் நகரச் செல்வக் குடும்பங்களில் பிறந்த இரு பெண்களின் இளமையை ஆராய்வோம். இருவரும் சிறு வயதில் தாயை இழந்தவர்கள். இருவரும் உயர்குடிப் பள்ளிகளில் படித்தவர்கள். ஒருவர் பார்பரா ஹட்டன், மற்றவர் எலினோர் ரூஸ்வெல்ட்.

பார்பரா 1912 நவம்பர் 14 அன்று பிறந்தாள். எல்லாப் பொருளும் ஐந்து சென்ட் அல்லது பத்து சென்ட் என்ற விலையில் விற்கும் கடைகளை நாடெங்கும் திறந்து பெருஞ்செல்வரான ஃபிராங்க் உல்வொர்த் அவளுடைய தாய்வழிப் பாட்டனார். அவர் எழுப்பிய உல்வொர்த் கட்டடம் 1913-இல் உலகிலேயே மிக உயரமான கட்டடமாக நின்றது. பார்பராவின் தாய் எட்னா 1917-இல் நியூயார்க் விடுதி ஒன்றில் மாண்டார். அவர் இறந்து கிடந்ததை முதலில் கண்டது நான்கு வயது பார்பராவே என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. தந்தை பங்குச் சந்தைத் தரகர்; மகளை அருகில் வைத்து வளர்ப்பதில் நாட்டம் இல்லாதவர். குழந்தை பாட்டனாரின் பெரிய மாளிகைக்கு அனுப்பப்பட்டது. அவரும் 1919-இல் காலமானார். பாட்டியோ நினைவு தவறிய நிலையில் இருந்தார். அதன்பின் உறவினர் வீடுகள், விடுதிப் பள்ளிகள், உடன் வரும் பிரெஞ்சுத் தாதி என்று நாள்கள் கழிந்தன. இடையிடையே தந்தையின் வருகை.

அவளுக்கு எதுவும் மறுக்கப்படவில்லை. அதே வேளையில், அவளிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவும் இல்லை. இந்த இரண்டாவது செய்தியைத்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ‘நீ வராவிட்டால் எங்களுக்கு இந்த வேலை நின்றுவிடும்’ என்று சொல்ல ஒருவரும் இல்லாத குழந்தைப் பருவம் அது. ஏழைக் குடிசையில், தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு தண்ணீர்க் குடத்தோடு வரும் சிறுமிக்குத் தான் தேவைப்படுகிறோம் என்பதில் ஐயமே எழாது. (அவளுக்கு வேறு துன்பங்கள் உண்டு, வறுமையைப் புகழ்வது நம் நோக்கமன்று.) பார்பராவுக்கு அந்த உறுதி ஒருநாளும் கிட்டவில்லை.

கனெக்டிகட் மாநிலத்தில் ஃபார்மிங்டன் என்ற ஊரிலுள்ள மிஸ் போர்ட்டர் பள்ளியில் படிப்பை முடித்த அவளை 1930 டிசம்பரில் உயர்குடிச் சமூகத்துக்கு அறிமுகம் செய்தார்கள். நியூயார்க்கின் ரிட்ஸ் கார்ல்டன் விடுதியில் நடந்த அந்த நடன விருந்துக்கு 60,000 டாலர் செலவானதாகச் செய்திகள் வெளியாயின. பொருளாதாரப் பெருவீழ்ச்சியால் வேலையிழந்தவர்கள் அதே நகரின் தெருக்களில் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. பத்திரிகைகள் அவளைச் சாடின. தன்னை எல்லோரும் விரும்ப வேண்டும் என்று ஏங்கிய 18 வயதுப் பெண், தான் திட்டமிடாத ஒரு விருந்தால் ஊராரின் வெறுப்பைச் சம்பாதித்தாள். 1937-இல் டெட்ராய்ட் நகரத்து உல்வொர்த் கடைப் பணிப்பெண்கள் ஊதிய உயர்வு கேட்டுக் கடைக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தபோதும் அவள் பெயர் ஏளனத்துக்கு உள்ளாயிற்று. கடைகளை நடத்தியவள் அவள் அல்லள். ஆயினும் அப்பெண்களின் கோபம் நியாயமற்றது என்று நம்மால் கூற முடியாது.

21 வயதில், 1933-இல், ஏறத்தாழ ஐந்து கோடி டாலர் அவள் கைக்கு வந்தது. 1933 தொடங்கி 1964 வரை ஏழு திருமணங்கள் செய்துகொண்டார். பணத்தை நாடி வந்தவர்களே அவர் வாழ்வைக் கெடுத்தார்கள் என்று பலரும் எழுதியுள்ளனர். அது ஓரளவு மெய்தான். ஆனால் 1942-இல் அவரை மணந்த திரைப்பட நடிகர் கேரி கிராண்ட் அவருடைய செல்வத்தில் ஒரு காசையும் நாடாதவர். அந்த மணமும் 1945-இல் முறிந்தது. ஆகவே வந்தவர்களின் பேராசையை மட்டும் காரணமாகக் கூறுவது போதாது. தன்னை நேசிக்கிறார்களா என்று ஒவ்வொரு நாளும் சோதித்துப் பார்க்கும் மனத்தால், கிடைத்த அன்பையும் நம்பி ஏற்க இயலாது போலும்.

பார்பராவை நாம் இகழ்ந்துவிடக் கூடாது. அவர் தாராளமாகக் கொடுத்தவர். லண்டனின் ரீஜன்ட்ஸ் பூங்காவில் தாம் கட்டிய மாளிகையை 1946-இல் அமெரிக்க அரசுக்கு ஒரே ஒரு டாலருக்கு அளித்தார். அந்நாட்டுத் தூதர் இன்றும் அங்குதான் வசிக்கிறார். நண்பர்களுக்கும் அறிமுகமில்லாதவர்களுக்கும் நகைகளையும் பணத்தையும் வழங்கினார். தாம் பெற்ற விதத்திலேயே பிறருக்கும் கொடுத்தார்: பொருளாக, தொலைவில் நின்று. வேறு விதமாகக் கொடுப்பதை அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. ஒரே மகன் 1972-இல் விமான விபத்தில் மாண்டான். 1979 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவர் காலமானபோது செல்வத்தின் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது.

விழுங்காத நாணயம்

எலினோர் இவருக்கு 28 ஆண்டுகள் முன்பு, 1884 அக்டோபரில் பிறந்தார். தாய் அழகுக்குப் பெயர் பெற்றவர். மகள் அழகற்றவள் என்ற எண்ணமும், வயதுக்கு மீறிய அவளது சிரிப்பற்ற முகமும் தாயை உறுத்தின. அவர் விருந்தினர் முன்னிலையிலேயே அக்குழந்தையைப் ‘பாட்டி’ என்று அழைப்பாராம். கேட்கும்போது நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருக்கும் அவளுக்கு. தந்தை அவளைக் கொஞ்சினார். ஆனால் குடிக்கு அடிமையானவர். ஒருமுறை மகளையும் நாய்களையும் தம் சங்கத்தின் வாயிலில், காவலரிடம் விட்டுவிட்டு உள்ளே சென்றார். நெடுநேரம் கழித்து அவரைப் பிறர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிறுமியை வண்டியேற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவளுக்கு ஏறத்தாழ ஆறு வயதாக இருந்தபோது பிரான்சில் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். அங்கே ஒரு மாணவி நாணயத்தை விழுங்கிவிட்டாள். மடமே பரபரப்படைந்தது. எல்லோரும் அவளைச் சூழ்ந்து நின்று கவனித்தார்கள். இதைப் பார்த்துக்கொண்டிருந்த எலினோர் சில நாள்களில் ஒரு கன்னியரிடம் சென்று, தானும் நாணயத்தை விழுங்கிவிட்டதாகச் சொன்னாள். அது பொய் என்பது உடனே தெரிந்துவிட்டது. எவ்வளவு கேட்டும் அவள் தன் சொல்லை மாற்றவில்லை. தாயை வரவழைத்தார்கள், அவர் அவமானத்துடன் மகளை அழைத்துச் சென்றார். தன்னைக் குற்றவாளிபோல் நடத்தாதவர் தந்தை ஒருவரே என்று தன்வரலாற்றில் அவர் எழுதுகிறார்.

அன்பர்களே, இந்நிகழ்ச்சியை வகுப்பறையில் நிற்கும் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டும். பொய் சொல்வது குற்றமே; திருத்தப்பட வேண்டியதே. ஆயினும் அக்கன்னியர் பொய்யைக் கண்டுபிடித்ததோடு நின்றுவிட்டார்கள். ஒரு குழந்தை வயிற்றில் நாணயம் இருப்பதாக ஏன் விரும்ப வேண்டும் என்ற கேள்வி எழவேயில்லை. நம் பள்ளிகளிலும் தேர்வு நாளில் வரும் தலைவலிகள், இல்லாத வெளிநாட்டுப் பயணங்களைப் பற்றிய கதைகள், ‘எங்கள் வீட்டில் மூன்று கார்’ என்ற பெருமைகள் எத்தனை! அவற்றுள் பல, விழுங்காத நாணயங்களே. பொய்யைத் திருத்துவது ஒரு நாள் வேலை. அதன் பின்னுள்ள பசியை அறிவதற்கு அக்குழந்தையோடு சில மாதங்கள் பழக வேண்டியிருக்கும்.

எலினோரின் எட்டாவது வயதில் தாயும், மறு ஆண்டில் தம்பி ஒருவனும், பத்து வயது நிறையுமுன் தந்தையும் மறைந்தனர். பாட்டியின் கட்டுப்பாடு மிகுந்த வீட்டில் வளர்ந்தாள். இதுவரை பார்த்தால், பார்பராவின் கதையே முன்கூட்டி எழுதப்பட்டதாகத் தோன்றும். 1899-இல், ஏறத்தாழ 15 வயதில், லண்டனுக்கு அருகே விம்பிள்டன் பகுதியில் இருந்த ஆலன்ஸ்வுட் பள்ளிக்கு அவளை அனுப்பினார்கள். அங்குதான் பாதை பிரிந்தது.

பள்ளித் தலைவி மரீ சுவெஸ்த்ர் என்ற பிரெஞ்சு மாது. எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர், கண்டிப்பானவர். மாணவியர் எழுதும் கட்டுரையில் சொந்தச் சிந்தனை இல்லாமல் வகுப்பில் கேட்டதையே திருப்பி எழுதியிருந்தால், அதைக் கிழித்துப் போட்டுவிடுவார். இத்தகைய ஒருவரிடம்தான் எலினோர் முதன்முதலாக நிம்மதி கண்டாள் என்பது சிந்திக்கத்தக்கது. கிழிப்பவர் படித்துவிட்டுக் கிழிக்கிறார் அல்லவா? தன் சொல்லை ஒருவர் இவ்வளவு பொருட்படுத்துகிறார் என்பதே அப்பெண்ணுக்குப் புதிய அனுபவம்.

அத்தைமாரின் பழைய உடைகளைத் திருத்தி அணிந்துவந்த எலினோரிடம், பாரிசில் நல்ல உடையொன்று தைத்துக்கொள்ளும்படி அவர் வற்புறுத்தினார். அந்தக் கருஞ்சிவப்பு உடை தந்த மகிழ்ச்சியை எலினோர் முதுமையிலும் மறக்கவில்லை. பொருள் கொடுப்பதே தவறு என்று எவரேனும் கருதினால், இந்த உடையை எண்ணிப் பார்க்கட்டும். உற்றுப் பார்த்தவர் சொல்லி வந்த உடை அது.

விடுமுறைகளில் அவர் எலினோரைத் தம்முடன் ஐரோப்பியப் பயணங்களுக்கு அழைத்துச் சென்றார். பெட்டிகளை அடுக்குவது, ரயில் நேரம் பார்ப்பது, பயணச்சீட்டு வாங்குவது எல்லாம் எலினோரின் பொறுப்பு. வேலைக்காரர் சூழ வளர்ந்த பெண்ணிடம் ஒரு முதியவர் தம் பயணத்தையே ஒப்படைத்தார்! ஃபிளாரன்ஸ் நகரில் வழிகாட்டி நூலைக் கையில் கொடுத்துத் தனியே சுற்றிப் பார்த்துவரச் சொன்னார். திரும்பியதும் கண்டவற்றைப் பற்றி உரையாடினார். அக்காலத்து உயர்குடிப் பெண்ணை அப்படித் தனியே அனுப்புவது எளிய செயலன்று. உறவினர் பலர் அவளிடம் இரக்கம் காட்டியிருந்தார்கள். இவரோ நம்பிக்கை வைத்தார். இரக்கம் ஒருவரைப் பெறுபவராகவே நிறுத்திவிடுகிறது. நம்பிக்கை அவரிடமிருந்து ஒன்றைக் கேட்கிறது. கேட்கப்படும்போதுதான் தன்னிடமும் கொடுக்க ஏதோ இருக்கிறது என்று அவர் அறிகிறார். மரீ சுவெஸ்த்ர் 1905-இல் காலமானார். அவருடைய படம் எலினோரின் மேசைமீது வாழ்நாள் முழுவதும் இருந்தது.

இதனால் அவருடைய ஏக்கம் முற்றிலும் நீங்கிவிட்டது என்று கூறினால் அது மிகையாகும். 1905-இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்டை மணந்தார். 1918-இல் கணவரின் மனம் வேறொருவரிடம் இருந்ததைக் கடிதங்கள் வழியே அறிந்து நொறுங்கிப்போனார். தாழ்வு மனப்பான்மை அவரை நெடுங்காலம் விடவில்லை. ஆனால் துயரம் வந்தபோதெல்லாம் திரும்பிச் செல்ல அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது: பிறருடைய வேலையைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளும் பழக்கம். ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை ஆணையத்துக்கு அவர் தலைமை தாங்கியதும், 1948 டிசம்பர் 10 அன்று மனித உரிமைப் பிரகடனம் ஏற்கப்பட்டதும் உலகம் அறிந்தவை. அப்பழக்கம் முதலில் வேர்விட்ட இடம் மிகச் சிறியது.

1902-இல் பள்ளியிலிருந்து திரும்பிய அவரையும் வழக்கப்படி விருந்துகளில் அறிமுகம் செய்தார்கள். அவருக்கு அது வேதனையாகவே இருந்தது. அடுத்த ஆண்டு, நியூயார்க்கின் ஏழைக் குடியேறிகள் நெருக்கமாக வாழ்ந்த ரிவிங்டன் தெருவில், ஒரு சேவை இல்லத்தில் சிறுமியருக்கு உடற்பயிற்சியும் நடனமும் கற்பிக்கச் சென்றார். உடன் கற்பித்த தோழி தம் குடும்ப வண்டியில் வருவார். எலினோர் பொது டிராம் வண்டியில் செல்வார். மாலையில் அழுக்கான தெருக்களும் மதுக்கடைகளிலிருந்து வெளிப்படும் மனிதர்களும் அவரை அச்சுறுத்தியதுண்டு. இருந்தும் சென்றார். ஆலைகளிலும் கடைகளிலும் உழைப்போரின் பிள்ளைகள் அவரைச் சுற்றி ஆடிப் பாடினார்கள்.

ஒருநாள் அச்சிறுமியருள் ஒருத்தி அவரிடம் வந்து, வகுப்பு தனக்கு மிகவும் பிடித்திருப்பதால் தன் தந்தை அவருக்கு ஏதோ ஒன்று தர விரும்புகிறார், வீட்டுக்கு வரவேண்டும் என்று அழைத்தாள். அவ்வேளையில் தன்னுள் பரவிய பெருமிதத்தை எலினோர் பல்லாண்டுகள் கழித்து எழுதியிருக்கிறார். அந்த வீட்டுக்கு அவர் செல்லவில்லை. அந்தத் தந்தை தர விரும்பியது என்னவென்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. ஆனால் வகுப்பில் பிள்ளைகள் அடங்காமல் கூச்சலிட்டபோதெல்லாம் அந்த அழைப்பை நினைத்துக்கொண்டு, மீண்டும் பாடத்தைத் தொடங்கினார்.